பிரெஞ்சு உணவகத்தில் இனிப்பை மரியாதையாகக் கேட்டு வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சுக்கு முதல்முறை போகிறவர்களும், பாரிஸில் உறவினர் வீட்டில் தங்கி ஊர் சுற்றுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. சாப்பாட்டை எப்படியோ விரலால் சுட்டிக்காட்டி வாங்கிவிடுகிறார்கள். தட்டை எடுத்த பிறகு சர்வர் வந்து நின்று ஏதோ கேட்கும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது.

பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஓரளவுக்குத்தான் ஒத்துவரும். 'ஜ' என்று வரும் இடங்களில், ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் 'டெலிவிஷன்' என்னும்போது நடுவில் அதிர்கிற ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். 'போன்', 'நோன்' போன்றவற்றில் கடைசி ஒற்றை நாக்கால் அழுத்தாமல் மூக்கோடு விட்டுவிட வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியம்தான் மனத்தில் நிற்கும் என்றால் எதைக் கற்றுக்கொள்வது?

'ஜ வே ப்ராந்த்ர்...' என்று தொடங்கி, இனிப்பின் பெயரைச் சொல்லி, 'ஸில் வூ ப்ளே' என்று முடியுங்கள். 'நான் இதை எடுத்துக்கொள்கிறேன்' என்று பொருள். பக்கத்து மேசைகளில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் சொல்வது இதுதான். 'ஜ வூத்ரே' என்றும் தொடங்கலாம். அது இன்னும் கொஞ்சம் பணிவானது, பாடநூல்கள் கற்றுத்தருவது.

தவிர்க்க வேண்டியது 'ஜ வெ'. 'எனக்கு வேணும்' என்று குழந்தை அடம்பிடிப்பது போல் காதில் விழும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனாலும் முகம் சுளிப்பார்கள்.

'ஸில் வூ ப்ளே' ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுமா? மிகையாகத் தோன்றாதா?

தோன்றாது. நம் ஊர் உணவகத்தில் யாரும் 'தயவுசெய்து ஒரு காபி' என்று கேட்பதில்லை. 'கொடுங்கள்' என்ற வினைமுடிவிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. பிரெஞ்சில் அந்த வேலையை இந்த மூன்று அசைகள் செய்கின்றன. இலக்கணம் எல்லாம் தப்பாக இருந்தாலும் இது இருந்தால் போதும். இலக்கணம் சரியாக இருந்து இது இல்லாவிட்டால் அதட்டலாகிவிடும்.

சர்வரை எப்படி அழைப்பது?

பழைய திரைப்படங்களைப் பார்த்துவிட்டு 'கார்ஸோன்!' என்று கூப்பிடாதீர்கள். 'பையா' என்று அழைப்பதற்குச் சமம். இன்று அது அவமரியாதை. விரல் சொடுக்குவதும் கையைத் தட்டுவதும் அப்படியே. நம் ஊரில் 'தம்பி', 'அண்ணே' என்று உறவு சொல்லி அழைப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. அங்கே மரியாதை சற்றுத் தள்ளி நின்றே காட்டப்படுகிறது. ஆணென்றால் 'ம்ஸ்யே', பெண்ணென்றால் 'மதாம்'. இளம்பெண்ணாக இருந்தாலும் 'மதாம்' என்றே சொல்லுங்கள். மணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மத்முவாஸெல்' என்ற சொல்லை அரசுப் படிவங்களிலிருந்தே 2012-இல் விலக்கச் சொல்லிவிட்டார்கள்.

கண்ணில் கண் பட்டதும் கையைச் சற்று உயர்த்தி 'எக்ஸ்க்யூஸே முவா' அல்லது 'ஸில் வூ ப்ளே' என்றால் வருவார். உடனே வரவில்லை என்றால் காத்திருங்கள். மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். எட்டு மேசைகளை ஒருவரே பார்த்துக்கொண்டிருப்பார்.

'நீ', 'நீங்கள்' வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. சர்வரிடம் எப்போதும் 'வூ' தான். அவர் கல்லூரி மாணவராக இருந்தாலும் 'த்யூ' வேண்டாம்.

இனிப்புக் கேட்கும்போது மறுபடியும் வணக்கம் சொல்ல வேண்டுமா?

அதே சர்வரிடம் தேவையில்லை. ஆனால் உள்ளே நுழையும்போது சொல்லியிருக்க வேண்டும். பகலில் 'போன்ஜூர்', மாலை ஆறு மணிக்கு மேல் 'போன்ஸுவார்'. கடையோ உணவகமோ, வணக்கம் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போகிறவரை அங்கே முரட்டு ஆளாகப் பார்க்கிறார்கள். 'பாரிஸ்காரர்கள் கடுகடுப்பானவர்கள்' என்று ஊருக்குத் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொள்பவர்களில் பாதிப் பேர் இந்த முதல் சொல்லை விழுங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

இனிப்புப் பட்டியலை எப்படிக் கேட்பது?

'லா கார்த் தே தெஸேர், ஸில் வூ ப்ளே.' சின்ன உணவகம் என்றால் அட்டையே இருக்காது. கரும்பலகை ஒன்றைத் தூக்கிவந்து, உங்கள் மேசைக்கு அருகே காலி நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். சுண்ணக்கட்டியால் சாய்வெழுத்தில் எழுதியிருப்பார்கள். தீர்ந்துபோனவற்றை விரலால் அழித்திருப்பார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கே அந்தக் கையெழுத்து சில நேரம் புரியாது. ஆகவே 'இது என்ன?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: 'கெஸ் க ஸே?' என்று சுட்டிக்காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சில் 'மென்யூ' என்றால் பட்டியல் அல்ல. குறிப்பிட்ட விலைக்கு இரண்டு மூன்று பதார்த்தங்கள் சேர்ந்த முழுச் சாப்பாடு. பட்டியலுக்கு 'கார்த்' என்று பெயர். மதிய நேரத்தில் 'ஃபோர்முய்ல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 'முன்னுணவும் முதன்மை உணவும்' அல்லது 'முதன்மை உணவும் இனிப்பும்' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். முன்னுணவைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் இனிப்பும் வாங்கினால் அதற்குத் தனிவிலை. பட்டியலில் இனிப்பின் பெயருக்கு அருகே '+3 €' என்று சிறிதாக இருந்தால், அது மென்யூ விலைக்கு மேல் கூடுதல்.

பேச்சு எப்படிப் போகும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

தட்டை எடுத்துக்கொண்டே சர்வர் முதலில் 'ஸா ஆ எத்தே?' என்பார். 'சாப்பாடு நன்றாக இருந்ததா?' 'ஸெத்தே த்ரே போன், மெர்ஸி' என்று பதில். அதன் பிறகு:

— வூ ப்ராந்த்ரே அன் தெஸேர்? (இனிப்பு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?)
— வீ, அவெக் ப்ளெஸீர். (ஆமாம், மகிழ்ச்சியாக.)
— வுவாலா லா கார்த். (இதோ பட்டியல்.)
— கெஸ் க வூ ம கோன்ஸெய்யே? (எதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள்?)
— லா தார்த் தாத்தென், மதாம். எல் ஏ மேஸோன். (தாத்தென் என்ற ஆப்பிள் இனிப்பு, அம்மா. இங்கேயே செய்தது.)
— த்ரே பியென். ஜ வே ப்ராந்த்ர் லா தார்த் தாத்தென், ஸில் வூ ப்ளே. (நல்லது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.)

'எதை எடுத்துக்கொள்ளலாம்?' என்று கேட்பதை நான் மிகவும் பரிந்துரைப்பேன். சர்வர் வேலையை அங்கே ஒரு தொழிலாக மதிக்கிறார்கள். அவருடைய கருத்தைக் கேட்டதும் பேச்சின் தொனியே மாறும். 'மேஸோன்' என்பது வீட்டுச் செய்முறை என்ற பொருளில் வரும் சொல். அந்த உணவகத்தின் சமையலறையிலேயே செய்யப்பட்டது என்பதைக் காட்ட 2014 முதல் அரசு அங்கீகரித்த குறியீடும் உண்டு: மூடிக்குப் பதில் வீட்டுக்கூரை வைத்த ஒரு பாத்திரத்தின் படம். அது இல்லாத இடங்களில் உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த இனிப்பு வரவும் வாய்ப்புண்டு.

'மெர்ஸி' என்றேன், இனிப்பே வரவில்லை. ஏன்?

மிகப் பொதுவான குழப்பம் இது. 'இனிப்பு எடுத்துக்கொள்கிறீர்களா?' என்ற கேள்விக்கு வெறும் 'மெர்ஸி' என்று சொல்லித் தலையைச் சற்று அசைத்தால், 'வேண்டாம், நன்றி' என்றே எடுத்துக்கொள்வார்கள். நம் தலையாட்டல் வேறு, ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. வேண்டும் என்றால் 'வீ' என்பதை முதலில் வையுங்கள்: 'வீ, வோலோந்தியே' அல்லது 'வீ, அவெக் ப்ளெஸீர்'. வேண்டாம் என்றால் 'நோன், மெர்ஸி'.

வயிறு நிறைந்துவிட்டது. எப்படி மறுப்பது?

'நோன் மெர்ஸி, ஜே த்ரே பியென் மான்ஜே.' 'மிக நன்றாகச் சாப்பிட்டேன்' என்று பொருள். 'நிறைந்துவிட்டேன்' என்பதை ஆங்கிலத்திலிருந்து நேராக மாற்றி 'ஜ ஸ்வி ப்ளென்' என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சு வழக்கில் அதற்குக் குடித்திருக்கிறேன் என்று ஒரு பொருள் உண்டு. பெண்பாலில் சொன்னால் சினையாக இருக்கும் விலங்கைக் குறிக்கும் சொல்லாகிவிடும்.

பட்டியலில் வழக்கமாக என்னென்ன இருக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். ஆனால் சில பெயர்கள் எங்கும் தலைகாட்டும்.

'க்ரேம் ப்ரூலே': பாலேடும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த குளிர்ந்த கூழ். மேலே சர்க்கரையைத் தூவி நெருப்பால் கருக்கியிருப்பார்கள். கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினால் பாகுத் தகடு விரிசல் விடும். மேலே சூடு, உள்ளே குளிர்ச்சி. தகடு உடையாமல் வளைந்தால் வெகுநேரம் முன்பே செய்துவைத்தது என்று அர்த்தம்.

'தார்த் தாத்தென்': ஆப்பிளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் வேகவைத்து, மேலே மாவை மூடிச் சுட்டு, தலைகீழாகக் கவிழ்ப்பது. பாரிஸுக்குத் தெற்கே லமோத்-பெவ்ரோன் என்ற சிற்றூரில் விடுதி நடத்திய தாத்தென் சகோதரிகளின் பெயர் இதற்கு. ஒரு சகோதரி தவறுதலாகத் தலைகீழாகச் செய்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். கதையை ரசியுங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'பாரி-ப்ரெஸ்த்': சைக்கிள் சக்கரம் போன்ற வளையம், நடுவே வறுத்த கொட்டைப் பருப்பின் க்ரீம். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–ப்ரெஸ்த்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தை நினைத்து 1910 வாக்கில் லூயி துய்ரான் என்ற இனிப்பு வல்லுநர் உருவாக்கியது. ஒருவர் முழுதாகச் சாப்பிடுவது கடினம்.

'ஈல் ஃப்ளோத்தாந்த்' என்றால் மிதக்கும் தீவு: வெனிலா மணக்கும் மஞ்சள் பாலில் மிதக்கிற, அடித்த வெள்ளைக்கரு. 'மூஸ் ஓ ஷொக்கொலா' என்ற நுரைத்த சாக்லேட் இனிப்பு எல்லோருக்கும் தெரியும். 'ப்ரொஃபித்தரோல்' ஐஸ்கிரீம் அடைத்த உருண்டைகள்; சூடான சாக்லேட்டை மேசையிலேயே ஊற்றுவார்கள்.

ஐஸ்கிரீம் கேட்கும்போது சுவையை 'பார்ஃபன்' என்பார்கள், உருண்டையை 'பூல்'. 'தெ பூல், வனீய் ஏ ஷொக்கொலா, ஸில் வூ ப்ளே': இரண்டு உருண்டை, வெனிலாவும் சாக்லேட்டும்.

எதைத் தேர்வது என்று முடிவாகவில்லையா? 'காஃபே கூர்மான்' கேளுங்கள். ஒரு சின்னக் கோப்பை காபியைச் சுற்றி மூன்று நான்கு குட்டி இனிப்புகள் ஒரே தட்டில் வரும்.

சிலவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டுமாமே?

ஆம். அடித்த முட்டையால் பொங்கி எழும் 'சூஃப்லே'யும், நடுவில் சாக்லேட் உருகி ஓடும் சூடான கேக்கும் கேட்ட பிறகே அடுப்பில் ஏறும். பட்டியலில் 'உணவின் தொடக்கத்திலேயே சொல்லவும்' என்ற பொருளில் 'ஆ கொமாந்தே ஆன் தெப்யூ த ரெப்பா' என்று எழுதியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் கடைசியில் கேட்டால், மென்மையாக மறுப்பார்கள் அல்லது இருபது நிமிடம் காக்க வைப்பார்கள்.

நான் சைவம். எதை நம்பிக் கேட்கலாம்?

இங்கேதான் மரியாதையோடு தெளிவும் வேண்டும். 'ஜ ஸ்வி வெஜெத்தாரியென்' என்று சொன்னால் இறைச்சியும் மீனும் மட்டுமே விலக்கப்படும். அவர்கள் கணக்கில் சைவர் முட்டை சாப்பிடுவார். அத்தோடு, இனிப்பில் இறைச்சி எங்கே வரப்போகிறது என்று ஜெலட்டினை நினைத்தே பார்க்க மாட்டார்கள். பன்னா கோட்டா, பவாருவா, ஷார்லோத் போன்ற குளிரவைத்து உறையச்செய்யும் இனிப்புகள், சில மூஸ் வகைகள் இவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. ஆகவே நேராகவே கேளுங்கள்:

'எஸ் கில் யா த லா ஜெலாத்தீன் ததான்?' — இதில் ஜெலட்டின் இருக்கிறதா?
'எஸ் கில் யா தே ஸெ ததான்?' — முட்டை இருக்கிறதா?
'எஸ் கில் யா த லால்கோல் ததான்?' — மது இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பாபா ஓ ரம்' பெயரிலேயே சொல்லிவிடுகிறது. 'க்ரெப் ஸுஸெத்' ஆரஞ்சு மதுவில் தீமூட்டியது. 'கொலொனெல்' என்ற கம்பீரமான பெயரோடு வருவது எலுமிச்சை ஸொர்பே என்ற பழ ஐஸின் மேல் வோட்கா. குழந்தைக்கு ஐஸ் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

முட்டை அறவே வேண்டாம் என்றால் தேர்வு சுருங்கிவிடும். பழக் கலவையான 'ஸலாத் த ஃப்ருய்', பால் சேராத 'ஸொர்பே', தயிர் போன்ற 'ஃப்ரொமாஜ் ப்லான்' இவற்றில் தொடங்குங்கள். தார்த் தாத்தெனில் பல இடங்களில் முட்டை இருக்காது. ஆனால் மாவில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஸொர்பேயிலும் சிலர் வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு.

ஒவ்வாமை இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்: 'ஜ ஸ்வி அலெர்ஜீக் ஓ ஸாராஷீத்' என்றால் வேர்க்கடலை ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய விவரத்தை உணவகம் தந்தாக வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. 'தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று நெளிய வேண்டியதில்லை.

ஒன்று வாங்கி இருவர் பகிரலாமா?

தாராளமாக. 'அவெக் தெ க்வியேர், ஸில் வூ ப்ளே', அதாவது இரண்டு கரண்டியோடு. ஆறு பேருக்கு ஒரு க்ரேம் ப்ரூலே கேட்டால் மட்டும் புருவம் உயரும்.

பாலாடைக்கட்டி இனிப்புக்கு முன்பா பின்பா?

முன்பு. பட்டியலில் 'ஃப்ரொமாஜ் ஊ தெஸேர்' என்றிருந்தால் இரண்டில் ஒன்று. நடுவில் 'ஊ'வுக்குப் பதில் 'ஏ' என்றிருந்தால் இரண்டும்.

இனிப்போடு சேர்த்துக் காபி கேட்கலாமா?

கேட்டால் கொண்டுவருவார்கள். ஆனால் கேட்காமல் வராது. இனிப்புத் தட்டை எடுத்த பிறகே காபி என்பது அங்கே முறை. 'அன் காஃபே' என்றால் இரண்டு மடக்கில் முடிகிற கறுப்புக் காபி. பால் வேண்டும் என்றால் 'யூன் நுவாஸெத்' என்று கேளுங்கள். துளிப் பால் விட்டுத் தருவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டம்ளர் நிறையப் பால்காபி குடிக்கும் ஆசை வந்தால் 'அன் காஃபே க்ரேம்' கேட்கலாம். அவர்களுக்கு அது காலைப் பானம். சற்று வியப்பார்கள், அவ்வளவுதான்.

நான் பிரெஞ்சில் கேட்டால் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். என் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறாரா?

இல்லை. கூட்ட நேரத்தில் வேலை விரைவாக முடிய வேண்டும், அதற்குத்தான். நீங்கள் பிரெஞ்சிலேயே தொடரலாம். விடாமல் பேசினால் பலர் திரும்பி வருவார்கள். 'அன்'னா 'யூன்'னா என்ற ஆண்பால்-பெண்பால் குழப்பத்துக்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பட்டியலில் உள்ள பெயரைத் தொட்டுக்காட்டி 'ஸா, ஸில் வூ ப்ளே' என்றாலும் இனிப்பு வந்துவிடும்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. என்ன சொல்வது?

கரண்டியை வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள். 'எக்ஸ்க்யூஸே முவா, ஜவே கொமாந்தே லா மூஸ்', அதாவது 'மன்னிக்கவும், நான் மூஸ் கேட்டிருந்தேன்'. குரலை உயர்த்தினால் வாதம் வளரும். தணிந்த குரலில் சொன்னால் தட்டு மாறும்.

மீந்ததை எடுத்துப் போகலாமா?

போகலாம். 2021 ஜூலை முதல், கேட்கிற வாடிக்கையாளருக்கு மீந்த உணவை எடுத்துச் செல்லப் பெட்டி தர வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். 'எஸ் க ஜ பெ ஆம்போர்த்தே ல ரெஸ்த்?' என்று கேளுங்கள். முன்பெல்லாம் இதைக் கூச்சமாக நினைத்தார்கள். இன்னும் சில மேட்டுக்குடி உணவகங்களில் கூச்சம் போகவில்லை.

சாப்பிட்டு முடித்து அரை மணி ஆகிறது. பில் வரவில்லையே?

நீங்கள் கேட்காமல் வராது. கேட்காமல் பில்லை நீட்டுவது 'எழுந்து போ' என்பது போலாகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். 'லாதிஸியோன், ஸில் வூ ப்ளே' என்றால் கொண்டுவருவார். பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. அதனால் டிப்ஸ் கட்டாயமில்லை; மகிழ்ந்திருந்தால் ஓரிரு யூரோவை மேசையில் வைத்துவிட்டு வரலாம்.

மாண்ட்ரியலிலும் இதே முறைதானா?

சொற்கள் பெரும்பாலும் அவையே. பழக்கம் சற்று வேறு. மாண்ட்ரியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொனி இளகலானது, சர்வரே 'த்யூ' போட்டுப் பேசக்கூடும். நீங்கள் நன்றி சொன்னால் 'பியென்வென்யூ' என்று பதில் வரும். டிப்ஸ் விஷயத்தில் மட்டும் பிரான்ஸ் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்: வரிக்கு முந்தைய தொகையில் 15 விழுக்காடாவது எதிர்பார்ப்பார்கள்.

போவதற்கு முன் புதுச்சேரியில் பழகிப் பார்க்கலாமா?

1889-இல் தொடங்கிய அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி கற்பிக்கும் நிறுவனம் அங்கே இருக்கிறது. வகுப்பில் சேர்ந்தால் வாய் திருந்தும். பிரெஞ்சுப் பகுதியின் உணவகங்களில் பழகுவதாக இருந்தால் ஒன்று: க்ரேம் ப்ரூலே நிச்சயம் கிடைக்கும், ஆனால் நீங்கள் 'ஜ வே ப்ராந்த்ர்' என்று தொடங்குவதற்குள் சர்வர் 'சார், வேறென்ன வேண்டும்?' என்று தமிழில் கேட்டுவிடுவார்.